நல்லூரில் ஒரு நாவல், ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம்

யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். இலங்கையில் இன்றைக்கு ஒரு ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தால் பதில் வராது. கும்பிட்டு, வீதி சுற்றி, நெற்றிச் சந்தனம் காய்வதற்குள் பல குடும்பங்கள் போய் நிற்கிற அடுத்த இடம், கோயிலை ஒட்டிய பருத்தித்துறை வீதிப் பக்கத்து ஐஸ்கிரீம் கடைகள். ரியோ, ராஜா கிறீம் ஹவுஸ் என்று பெயர் போன கடைகள் எல்லாம் எட்டி நடக்கும் தூரத்தில்தான். வெளியூர்க்காரர் 'யாழ்ப்பாணத்தில் என்ன சாப்பிடலாம்' என்று கேட்டால், ஒடியல் கூழுக்கும் நண்டுக் கறிக்கும் அடுத்தபடி ஊர்க்காரர் வாயில் வருவது இந்தக் கடைகளின் பெயர்.

அண்மையில் வாசித்த ஒரு நாவலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். அந்த நாவல், வி.வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்'. சகோதரர்கள் இல்லாமற்போன இரவு என்று சொல்லிக்கொள்ளலாம். 2023இல் வெளிவந்து, 2024இல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசையும், அதே ஆண்டில் வட அமெரிக்காவின் கரோல் ஷீல்ட்ஸ் பரிசையும் வென்றது. முன்னது 30,000 பவுண்டு; பின்னது 1,50,000 அமெரிக்க டாலர். பரிசுத் தொகையைப் பார்த்து நாவலை எடை போடக் கூடாதுதான். ஆனாலும் யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றில் தொடங்கும் கதைக்கு இவ்வளவு பெரிய மேடை கிடைத்தது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

நாவலின் முக்கியமான கட்டம் ஒன்று நடப்பது இதே நல்லூரில். சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓர் இளைஞன் கூட்டத்தின் கண்முன்னே மெல்ல இறந்துபோகிற கட்டம் அது. அது நடந்த இடத்துக்கு அருகில் உட்கார்ந்து கஜு தூவிய ஐஸ்கிரீம் சாப்பிடுவது சரியா என்ற கேள்வி நாவலை வாசித்தவருக்கு வராமல் இருக்காது. அந்த உறுத்தல் நல்லது. மண்டபத்தில் மைக் பிடித்து நடக்கும் நூல் விமர்சனக் கூட்டத்தில் அது வராது. அங்கே மாலையும் பொன்னாடையும் வரும், தலைமையுரை வரும், நன்றியுரைக்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

முதலில் கடையைப் பார்த்துவிடலாம். வெளியே சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கும். உள்ளே பளிச்சென்ற விளக்கு, கழுவித் துடைத்த மேசைகள், சுவரில் படங்களோடு விலைப்பட்டியல். வேட்டியும் பட்டுச் சேலையுமாக ஒரு குடும்பம், டியூசன் முடிந்து வந்த மாணவர்கள், லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்து, யாழ்ப்பாணத் தமிழைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள், பக்கத்து மேசையில் தெற்கிலிருந்து பேருந்தில் வந்திறங்கிய சிங்களச் சுற்றுலாப் பயணிகள். 'ஸ்பெசல்' என்று கேட்டால் உயரமான கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு மூன்று நிறத்தில் உருண்டைகள், கீழே ஜெலி, மேலே பழத்துண்டும் கஜுவும், செருகி நிற்கும் வேஃபர். நிறங்கள் கொஞ்சம் தூக்கல். ருசியில் இனிப்பு இன்னும் தூக்கல். இத்தாலியக் கடைகளின் அடக்கமான சுவைக்குப் பழகிய நாக்கு இதைக் குறை சொல்லக்கூடும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்து வளர்ந்த ஊரில் இனிப்புக்கு அளவுகோல் வேறு.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் விளையும் ஊரில் அதை வைத்தல்லவா ஐஸ்கிரீம் பண்ண வேண்டும் என்று சிலர் ஆதங்கப்படுவதுண்டு. அந்தப் பழத்தை அரைத்து உறைய வைப்பதைவிட, முற்றத்தில் நின்று சாறு முழங்கையில் வழிய வழியத் தின்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

ஐஸ்கிரீம் என்பது பாதி பால், பாதி காற்று என்று சொன்னால் மிகை இல்லை. பாலும் கொழுப்பும் சீனியும் கலந்த கலவையைக் குளிரில் கடையும்போது காற்று உள்ளே போகிறது. விலை மலிவான வகைகளில் கன அளவில் பாதிவரைக்கும்கூடக் காற்று இருக்கும். சீனி சேர்ந்திருப்பதால் கலவை 0 பாகையில் உறையாது, அதற்கும் இரண்டு மூன்று பாகை கீழே போனால்தான் உறையத் தொடங்கும். கெடாமல் வைத்திருக்க மைனஸ் 18 பாகை செல்சியஸ் வேண்டும். இடையில் ஒருமுறை இளகி, மறுபடி உறைந்தால் உள்ளேயுள்ள நுண்ணிய பனிப் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். நாக்கில் நறநறவென்று மணல் மாதிரி தட்டுப்படுவது அதுதான். ஆக, நல்ல ஐஸ்கிரீமுக்கு ஆதாரம் சமையல் குறிப்பு இல்லை, தடைபடாத மின்சாரம்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சாதாரண அறிவியல் உண்மைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் மீண்டும் போர் மூண்டபோது குடாநாடு நாட்டின் மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய், பெட்ரோல், மின்கலம், சவர்க்காரம் என்று எதையெல்லாமோ அரசாங்கம் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஜாம் போத்தலில் கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து மிதித்து வானொலிச் செய்தி கேட்டார்கள். கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி ரயில் அந்த 1990இல் நின்றுபோய், 2014 அக்டோபரில்தான் மறுபடியும் யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் நுழைந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் குளிர்ந்த பொருள் எதுவானாலும் ஆடம்பரம். ஜெனரேட்டர் வைத்திருந்தவருக்கும் எரிபொருள் வேண்டுமே!

அதே தீவின் தெற்கில் கதை வேறு. கொழும்பில் 1866இலேயே ஐஸ் தொழிற்சாலை நிறுவனம் தொடங்கிவிட்டது. பின்னாளில் அதுதான் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ். யானைச் சின்னம் போட்ட அதன் ஐஸ்கிரீமும் சோடாவும் தெரியாத சிங்களவரும் இல்லை, தமிழரும் இல்லை. நல்லூர்க் கடைகளின் சங்கதி இந்தப் பெருநிறுவனத்தின் வரலாற்றோடு சேராதது. ஊர்க்காரர் நடத்தி, ஊர்க்காரர் நாக்குக்கு ஏற்பக் கலவை பிடித்து, ஊர் எப்போதெல்லாம் மூச்சுவிட்டதோ அப்போதெல்லாம் நிறைந்த கடைகள் இவை. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 சாலை திறந்தபோது தெற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2006இல் சாலை மூடியது, வரத்து நின்றது. 2009க்குப் பிறகு பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் கோட்டையைப் பார்த்தார்கள், நாகவிகாரைக்கும் நயினாதீவுக்கும் போனார்கள், நல்லூரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

இனி நாவல்.

கதையைச் சொல்பவள் சஷி. 1981இல் அவளுக்குப் பதினாறு வயது நெருங்குகிறது. மருத்துவர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. நிரஞ்சன், தயாளன், சீலன், ஆரன் என்று நான்கு சகோதரர்கள். அதே ஒழுங்கையில் வசிக்கும் இன்னொரு கெட்டிக்காரப் பையனை ஒற்றை எழுத்தால் 'கே' என்று மட்டுமே குறிப்பிடுகிறாள். தொடக்கத்திலேயே ஒரு விபத்து. கொதிக்கும் தண்ணீர் சஷி மேல் கொட்டிவிடுகிறது. அலறல் கேட்டு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கே ஓடிவந்து, புண்ணின்மேல் முட்டைகளை உடைத்து ஊற்றுகிறான். அவனும் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறவன்.

ஐஸ்கிரீம் கடை மேசையில் பேச்சு இந்த முட்டையில் தொடங்கினால் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். யாரோ ஒருவருடைய அம்மம்மா முட்டை ஊற்றியிருப்பார், அல்லது மை, அல்லது பற்பசை, அல்லது தேன். தீப்புண்ணைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடமாவது குளிர வைக்க வேண்டும், பச்சை முட்டையால் தொற்று வரலாம், ஐஸ்கட்டியை நேரே வைத்தாலும் தோல் கெடும் என்பது இன்றைய மருத்துவம். கணேசானந்தனின் கெட்டிக்காரத்தனம் அந்தக் காட்சியைத் தேர்ந்ததில் இருக்கிறது. குசினியில் கிடைத்ததை வைத்து ஒருவன் ஒருத்தியைக் காப்பாற்றுகிறான். அவளுடைய உடலும் அவனுடைய கையும் அந்தக் கணத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பின்னால் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போகிற அதே கே, காயப்பட்ட போராளிகளுக்கு வைத்தியம் பார்க்கும் மறைவிட மருத்துவமனையில் வேலை செய்ய வா என்று சஷியைக் கேட்கும்போது, அவளால் ஏன் மறுக்க முடியவில்லை என்பதற்கு நூறு பக்க விளக்கம் தேவைப்படவில்லை. முட்டை போதும்.

கதை ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்படுகிறது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான அந்த இரவு நடந்தது நிஜத்தில். 1983 ஜூலையில் சஷி கொழும்பில் அம்மம்மா வீட்டில் இருக்கிறாள். தமிழர்கள்மீது வன்முறை வெடிக்கிறது. மூத்த அண்ணன் நிரஞ்சன் அதில் கொல்லப்படுகிறான். தயாளனும் சீலனும் இயக்கத்துக்குப் போகிறார்கள். ஒரு சுற்றிவளைப்பில் ஆரனை இராணுவம் கொண்டுபோகிறது, அம்மாமார் வீதியில் இறங்குகிறார்கள். சஷி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் சேர்கிறாள். அங்கே அஞ்சலி என்ற உடற்கூற்றியல் விரிவுரையாளர் அவளுடைய வாழ்க்கைக்குள் வருகிறார். இந்திய அமைதிப் படை வருகிறது. சஷியும் அஞ்சலியும் எல்லாத் தரப்பும் செய்த கொடுமைகளையும் எழுதி ஆவணமாக்கத் தொடங்குகிறார்கள்.

வரலாறு தெரிந்தவருக்கு இந்த உருவங்களின் பின்னால் நிற்கும் ஆட்கள் யார் என்பது புரிந்துவிடும். அஞ்சலியின் பின்னால் நிற்பவர் ராஜனி திராணகம. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோரோடு சேர்ந்து 'முறிந்த பனை' நூலை எழுதியவர். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடித்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. 'கே'யின் பின்னால் நிற்பவர் திலீபன். அவரும் மருத்துவ மாணவராக இருந்து புலிகள் இயக்கத்துக்குப் போனவர். இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான சில வாரங்களில், 1987 செப்டம்பர் 15 அன்று, இந்திய அரசிடம் ஐந்து கோரிக்கைகளை வைத்து நல்லூர்க் கோயில் முன்றலில் உண்ணாவிரதம் தொடங்கினார். தண்ணீரும் அருந்தவில்லை. பன்னிரண்டாம் நாள், 26ஆம் தேதி இறந்தார். அடுத்த இரண்டே வாரத்தில், அக்டோபர் 10 அன்று, இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது.

நாவலில் கே உண்ணாவிரதம் இருக்கும்போது பக்கத்திலேயே இருக்கும்படி சஷியை அழைக்கிறான். அவள் போகிறாள். காப்பாற்றக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தி, காப்பாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒருவன் தலைமாட்டில் உட்கார வேண்டும். இந்தக் கட்டத்தை வாசிக்கும்போது வசதியான இடம் எதுவும் கிடையாது. கேயைத் தியாகி என்று கும்பிடவும் நாவல் விடுவதில்லை, ஏமாந்தவன் என்று ஒதுக்கவும் விடுவதில்லை. கூட்டத்தின் கண்ணீர் உண்மையானது. அந்தக் கண்ணீரை ஓர் அமைப்பு கணக்குப் பண்ணுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருப்பது நாவலாசிரியரின் பலம்.

இந்த இடத்தில்தான் நல்லூரில் உட்கார்ந்து பேசுவதன் பயன் தெரிகிறது. செப்டம்பர் மாத நல்லூர் வெயில் எப்படி இருக்கும் என்பது வாசகருக்கு உடம்பிலேயே தெரியும். மேசையில் வைத்த ஐஸ்கிரீம் பேச்சு நீண்டால் சில நிமிடங்களில் கூழாகிவிடும். அதே வெயிலில் பன்னிரண்டு நாள், ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல். தண்ணீர் இல்லாமல் மனித உடல் பொதுவாகத் தாங்குவது சில நாட்கள்தான். சிறுநீரகம் முதலில் தளரும், நாக்கு தடிக்கும், பேச்சு குழறும். மருத்துவ மாணவனாக இருந்தவனுக்கு ஒவ்வொரு படியும் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பதை நினைத்தால்தான் அந்த முடிவின் கனம் பிடிபடும். திலீபனின் நினைவுத் தூபி நின்ற இடம் கோயிலுக்கு அருகே பருத்தித்துறை வீதிப் பக்கம்தான் இருக்கிறது. தூபி போருக்குப் பின் இடிக்கப்பட்டது, ஆனாலும் அந்த இடத்தில் இன்றும் ஒவ்வொரு செப்டம்பரிலும் பூ வைக்கிறார்கள். ஐஸ்கிரீம் கடைகளின் விளக்கு வெளிச்சத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

சஷிக்கும் அஞ்சலிக்கும் நடுவே நட்பு வளர்வதற்குப் புத்தகங்கள் காரணமாகின்றன. பெண்கள் சிலர் கூடி வாசித்து விவாதிக்கிறார்கள். இதுவும் வெறும் கற்பனையாக எழுதப்பட்டதல்ல. எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் என்ற குழு இருந்தது. ஈழத்துப் பெண் கவிஞர்களின் முதல் தொகுப்பாகப் பேசப்படும் 'சொல்லாத சேதிகள்' 1986இல் அந்த வட்டத்தின் வெளியீடாக வந்ததுதான். சித்திரலேகா மௌனகுரு போன்றோர் அதில் முன்னின்றார்கள். ஷெல் விழும் ஊரில், ஊரடங்குக்கு முன் வீடு திரும்ப வேண்டிய அவசரத்தில், ஒரு புத்தகத்தைப் பற்றி வாதாட ஆட்கள் கூடினார்கள் என்பதை யோசிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆள் சேரவில்லை என்று அலுத்துக்கொள்ளும் இன்றைய வாசகர் வட்டங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரலாம்.

அன்றைக்கு வாசிப்பு ஆபத்தான காரியமாகவும் இருந்தது. எதைப் பேசினார்கள், யாரை விமர்சித்தார்கள் என்பது வெளியே போகும். போனால் யாராவது கதவைத் தட்டுவார்கள். நாவல் இந்த அச்சத்தைச் சத்தமில்லாமல் சொல்கிறது. ஒரு வீட்டுக்குள் யாரெல்லாம் இருக்கும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பதைக் காட்டினாலே போதும் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது.

கணேசானந்தன் அமெரிக்காவில் வளர்ந்தவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எழுத்துக் கலை கற்பிக்கிறார். முதல் நாவல் 'லவ் மேரேஜ்' 2008இல் வந்தது. இந்த இரண்டாவது நாவலுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்திருக்கிறார். அந்த உழைப்பு நாவலின் தகவல் செறிவில் தெரிகிறது. சில இடங்களில் அளவுக்கு மீறியும் தெரிகிறது. நடந்த சம்பவங்களை வரிசை தவறாமல் தொட வேண்டும் என்ற பொறுப்புணர்வு கதையை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும் பக்கங்கள் உண்டு. அந்த இடங்களில் சஷி கதைசொல்லியாக இருப்பதைவிட சாட்சியாகவே இருக்கிறாள். பிந்திய பகுதியில் சம்பவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. முன்பகுதியில் ஒரு கோப்பைத் தேநீருக்குக் கிடைத்த நிதானம் அங்கே ஒரு சாவுக்கே கிடைப்பதில்லை.

விவாதம் சூடேறக்கூடிய இன்னொரு விஷயம், சஷி யாரிடம் பேசுகிறாள் என்பது. 2009இல் நியூயார்க்கில் இருந்துகொண்டு அவள் பழங்கதை சொல்கிறாள். அடிக்கடி வாசகரை முன்னிலையில் கூப்பிட்டு, இந்த நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்கிற தொனியில் கேட்கிறாள். இந்தக் கேள்வி அமெரிக்க வாசகருக்கானதா, தமிழ் வாசகருக்கானதா? நல்லூரில் இருக்கிற ஒருவருக்கு 'நீங்கள் அங்கே இருந்திருந்தால்' என்று கேட்பதில் அர்த்தமில்லை, அவர் அங்கேதான் இருந்தார். அந்நியருக்கு விளக்குவதற்காக எழுதப்பட்ட இடங்கள் ஊர்க்காரருக்கு நீளமாகத் தோன்றும். அரிச்சுவடி மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் சலித்துக்கொண்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரரின் பிள்ளை ரொறன்ரோவில் பிறந்து, 1983 என்பது ஓர் ஆண்டு என்ற அளவில் மட்டும் தெரிந்து, கோடை விடுமுறைக்கு வந்து இதே கடையில் வேஃபரைக் கடித்துக்கொண்டிருக்கிறது. தமிழில் நாவல் வாசிக்க வராத அந்தப் பிள்ளைக்கு, அப்பாவும் அம்மாவும் வாயைத் திறந்து சொல்லாததைச் சொல்லும் புத்தகம் இது. அந்த ஒரு காரணத்துக்காகவே விளக்கங்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இயக்கத்தை விமர்சிக்கும் இடங்களுக்காக நாவலை நிராகரிப்பவர்கள் இருப்பார்கள், போதுமான அளவு விமர்சிக்கவில்லை என்று நிராகரிப்பவர்களும் இருப்பார்கள். இரு தரப்பும் ஒரே மேசையில் இருந்தால் கிண்ணம் காலியான பிறகும் பேச்சு ஓயாது. சஷியின் வீட்டிலேயே அப்படித்தான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் நிற்கிறார்கள். இயக்கத்துக்குப் போன அண்ணனைத் திட்டவும் முடியாமல், அவன் அமைப்பு கொன்ற ஆசிரியருக்காக அழாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கும் பெண்ணை அரசியல் கட்டுரையில் எழுத இடமில்லை. நாவலில்தான் இடம்.

தமிழில் இந்தக் காலத்தை எழுதியவர்கள் இல்லாமலா என்று யாராவது கேட்க வேண்டும், கேட்பார்கள். கேள்வி சரிதான். வேறோர் இயக்கத்துக்குள் நடந்த சித்திரவதைகளையும் உட்கொலைகளையும் உள்ளேயிருந்தவர் எழுதிய கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985லேயே வந்துவிட்டது. சம்பவங்கள் நடந்துகொண்டிருந்தபோதே, உயிருக்கு உத்தரவாதமில்லாத நிலையில் எழுதப்பட்ட நாவல் அது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. பிள்ளைப் பருவத்திலேயே இயக்கத்துக்குப் போன ஒருவனின் கதை. கசப்பையும் கேலியையும் ஒரே வாக்கியத்தில் வைக்கத் தெரிந்த எழுத்து. சயந்தனின் 'ஆதிரை' வன்னி மக்களைப் பற்றியது, 2015இல் வெளிவந்தது. இந்தியப் படைக் காலத்தை ஒரு பெண்ணின் கண்ணால் பார்க்கும் தமிழ்நதியின் 'பார்த்தீனியம்' 2016இல் வந்தது. 'பிரதர்லெஸ் நைட்'டுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க மிகப் பொருத்தமானது இந்தக் கடைசி நாவல்தான். ஒரே ஆண்டுகள், ஒரே ஊர்கள், ஒரே படை. சஷி வெளிநாட்டு வாசகரைக் கருத்தில் வைத்து நிறுத்திச் சொல்லும் இடங்களைத் தமிழ்நதி தன் மக்களிடம் பேசும் வேகத்தில் கடந்துவிடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், எதை விளக்க வேண்டும் எதை விட வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்குக் கூட்டம் போட்டு விடை தேட வேண்டியதில்லை.

நாவலைப் பேசப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை யோசனை. காலையிலேயே கிளம்பி, தின்னவேலியில் பல்கலைக்கழகப் பக்கம் ஒரு சுற்று. 1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் 1978இல் வந்தது. பிறகு பொது நூலகம். மீண்டும் கட்டி எழுப்பிய வெள்ளைக் கட்டடம், வாசலில் சரஸ்வதி. உள்ளே அமைதியாக மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். நாவலில் வரும் நூலகம் எரிந்தது, இது வேறு என்று தெரிந்தும் படிக்கட்டில் கொஞ்சம் நிற்கத் தோன்றும். வெயில் இறங்கிய பிறகு நல்லூர். சைக்கிள் கிடைத்தால் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே போகலாம். சஷி, கே, அண்ணன்மார் எல்லாரும் இந்த ஊரைச் சைக்கிளின் வேகத்தில்தான் அறிந்திருந்தார்கள். காரில் போனால் ஒழுங்கைகள் தெரியாது.

ஆடி அமாவாசைக்குப் பிறகு தொடங்கும் நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் கடைகளில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். வீதி முழுக்கக் கச்சான் கடைகள், பலூன்காரர்கள், காவடிகள், மணல் பரப்பிய வீதியில் அங்கப் பிரதட்சணம் செய்யும் ஆண்கள். ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட வேண்டியிருக்கும். நாவல் பேச்சு அப்போது நடக்காது. திருவிழா முடிந்து, கச்சான் கடைக்காரர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பின், மழைக்காலம் தொடங்குவதற்கு முன், நடுவில் கிடைக்கும் சில வாரங்கள் வாகானவை. திலீபன் நினைவு நாட்களும் பெரும்பாலும் அதே காலத்தில் வரும். அடுத்த கூட்டத்துக்கு 'பார்த்தீனியம்' என்று முடிவு செய்தால், வாசிக்க இரண்டு மாதமாவது கொடுக்க வேண்டும். புத்தகம் பெரிது.